பெட்ரோல் பங்கில் முதல் அடுப்பு

காதர் பாய் ஓட்டி வந்த கரி பஸ் ஆடிச் சாரலில் நனைந்தபடி வந்து, பெட்ரோல் பங்கின் முன்கூரைக்குள் நுழைந்து நின்றது. பஸ்ஸின் முதுகில் தொங்கிய இரும்பு உருளைக்குள் கரி கனன்றுகொண்டிருந்தது. அதற்குக் கீழே சிமெண்டுத் தரை. தரைக்குக் கீழே பெட்ரோல் தொட்டி.

கூரைக்குள் ஒதுங்கி நின்றவர்கள் எல்லாரும் ஓடினார்கள். நானும் ஓடினேன். ஓடும்போது ஒரு செருப்பு கழன்று விழுந்தது. என்னிடம் இருந்த ஒரே ஜோடி அதுதான். ஆனாலும் திரும்பவில்லை.

ஓடாமல் நின்றவர்கள் மூன்று பேர். டிரைவர் காதர் பாய். பெட்ரோலே இல்லாத பங்கில் எதற்கு ஓடுகிறார்கள் என்று அவருக்குப் புரியவில்லை. பங்கின் முதலாளி ஞானமுத்து. அவருக்குக் கால் எழவில்லை. மூன்றாவது இட்லிக் கடை பேச்சி. மாவுச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அசையவில்லை.

அவள் ஏன் அசையவில்லை என்பது தெரிய வேண்டுமானால் அந்தக் கட்டடம் வந்த கதையைச் சொல்லியாக வேண்டும்.

கண்ணாடி உருளை

கம்பத்திலிருந்து கூடலூர் போகிற சாலையில், வாய்க்கால் பாலத்தை அடுத்து அந்த பங்க் இருந்தது. கட்டியவர் ஞானமுத்து. போடி பஜாரில் ஏலக்காயும் மண்ணெண்ணெயும் விற்றவர். ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு வேதக்கோயிலுக்குப் போகும் கிறிஸ்தவக் குடும்பம். பஸ்ஸும் காரும் பெருகி வருவதைப் பார்த்து, இனி மண்ணெண்ணெயை விட பெட்ரோல்தான் என்று முடிவு செய்து நிலத்தை வாங்கினார்.

ஓர் அறை. அதற்கு முன்னால் ஒரு பஸ் நிற்கும் அளவுக்கு ஓட்டுக் கூரை. கூரையைத் தாங்க இரண்டு உருண்டைத் தூண்கள். எல்லாவற்றுக்கும் வெள்ளைச் சுண்ணாம்பு. தூண்களுக்கு நடுவில், ஆள் உயரத்துக்குச் சிவப்பு நிற இரும்புப் பம்பு. அதன் தலையில் கண்ணாடி உருளை. கைப்பிடியை முன்னும் பின்னும் தள்ளினால் தொட்டியிலிருந்து பெட்ரோல் ஏறிக் கண்ணாடிக்குள் நிறையும். பிறகு குழாய் வழியாக வண்டிக்கு இறங்கும்.

அது ஏறுவதைப் பார்க்கவே காமயகவுண்டன்பட்டியிலிருந்து ஆட்கள் நடந்து வந்தார்கள். வயலிலிருந்து வந்த ஒரு சம்சாரி வெகுநேரம் பார்த்துவிட்டு, “இதுல ஒரு கிண்ணம் குடு. முழங்கால்ல தேச்சுப் பாக்கணும்” என்றார். நான் துணியை நனைத்துக் கொடுத்தேன். மறுநாள் வந்து, வலி போய்விட்டது, தோலும் போய்விட்டது என்றார்.

பம்பைத் தள்ளுகிற வேலை எனக்கு. அதற்கு முன் பெரியகுளத்தில் மாந்தோப்புக் காவல், தேனியில் பஞ்சு ஆலை, போடியில் மூட்டை. ஒன்றிலும் நிலைத்ததில்லை. பள்ளிக்கூடத்திலேயே நிலைக்காதவன்தானே. பங்கில் மட்டும் சில வருஷங்கள் இருந்தேன். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. மற்ற இடங்களில் நான் ஊர் ஊராகப் போனேன். இங்கே ஊர்கள் பஸ் ஏறி என்னிடம் வந்து போயின.

கை மட்டும் எப்போதும் பெட்ரோல் வாடை அடித்தது. சீயக்காய், புளி, வாய்க்கால் மண் எதற்கும் போகவில்லை. நான் சோறு வைத்தால் தெருநாய் முகர்ந்துவிட்டு விலகிப் போகும்.

புளிய மரத்துப் பொந்து

ஞானமுத்து முதலாளி பெட்ரோலை விற்றாரே தவிர, அதற்கு அவரைப் போலப் பயந்தவர் யாருமில்லை. ‘இங்கே நெருப்பு கூடாது’ என்று தகரத்தில் எழுதிச் சுவரில் அடித்திருந்தார். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாயால் சொன்னார்.

“ஒரு பொறி விழுந்துச்சுன்னா இங்கன இருந்து கம்பம் வரைக்கும் எரியும். உன் வீட்டுக் கூரையும் சேத்துத்தான்யா எரியும். பாத்துக்க.”

அதை எல்லாரும் நம்பினார்கள். கூப்பிடு தூரத்தில் சாலையோரம் ஒரு பெரிய புளிய மரம். அதன் பொந்தில் தீப்பெட்டியையும் பீடியையும் வைத்துவிட்டுத்தான் வண்டிக்காரர்கள் பங்கைக் கடப்பார்கள். திரும்பி வரும்போது எடுத்துக்கொள்வார்கள். யாரும் திருடியதில்லை. ஆனால் மாறிப் போகும். கூடலூர்க்காரர் தீப்பெட்டி உத்தமபாளையம் போய்ச் சேரும்.

பங்கோடு ஒரு வேலையும் இல்லாதவர்கள்கூட இதைச் செய்தார்கள். பக்கத்து வீட்டில் நெருப்புக் கங்கு வாங்கிப் போகும் பெண்கள் சாலையை விட்டு வரப்பில் சுற்றிப் போனார்கள். ஒரு முறை சாவு ஊர்வலம் வந்தது. மேளம், பாடை, கூட்டம் எல்லாம் சாலையிலேயே போக, கொள்ளிச் சட்டி தூக்கியவர் மட்டும் நாற்று நட்ட வயலில் இறங்கி, பங்கைத் தாண்டிய பிறகு ஏறிச் சேர்ந்துகொண்டார். வயல்காரர் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்தப் புளிய மரத்தடியில்தான் பேச்சியின் அடுப்பு இருந்தது. பேச்சிக்கு அப்போது முப்பது வயது இருக்கலாம். புருஷனோடு ஏலத் தோட்டத்து வேலைக்கு மலையேறிப் போனவள். மலைக்காய்ச்சலில் அவனை மேலேயே புதைத்துவிட்டு, மஞ்சள் பூத்த கண்ணோடு தனியாக இறங்கி வந்தாள். வீடு வாசல் இல்லை. புளிய மரத்தடியில் மூன்று கல்லைக் கூட்டி இட்லி அவிக்கத் தொடங்கினாள். பீடி வைக்க வருகிறவர்கள் இட்லியும் தின்றார்கள். ஒரு வகையில் முதலாளியின் பயம்தான் அவளுக்குக் கடை வைத்துக் கொடுத்தது.

“முதலாளி நெருப்ப வெரட்டுறாக, நெருப்பு என்கிட்ட வருது” என்று சொல்லிச் சிரிப்பாள்.

மரம் பஸ்ஸுக்குப் போனது

வருஷம் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்துவிட்டான் என்று, அங்கே வட்டிக்கடையில் இருந்த ஒருவர் நடந்தே ஊர் திரும்பினார். அந்தச் சமயம். பெட்ரோலுக்குக் கூப்பன் வந்தது. பிறகு கூப்பன் மட்டும் இருந்தது, பெட்ரோல் இல்லை.

முதலாளி பம்புக்குச் சாக்கு சுற்றிக் கட்டினார். என்னைக் காவலுக்கு வைத்தார். திங்கட்கிழமை தோறும் போடியிலிருந்து வந்து, இடுப்புச் சாவியால் தொட்டியின் வாயைத் திறந்து, அளவுக் குச்சியை விட்டு எடுத்து முகர்ந்து பார்ப்பார்.

“அடுத்த மாசம் வந்துரும்லே காசி.”

ஒவ்வொரு மாதமும் சொன்னார்.

பஸ்காரர்கள் காத்திருக்கவில்லை. பஸ்ஸின் முதுகில் ஓர் இரும்பு உருளையைக் கட்டி, அதில் கரியை எரித்து, அந்தப் புகையில் எஞ்சினை ஓட்டினார்கள். கிளம்புவதற்கு முன் கிளீனர் கைவிசிறியைச் சுற்றிச் சுற்றி அனல் ஏற்றுவான். ஏற்றம் வந்தால் ஆட்கள் இறங்கித் தள்ள வேண்டும். இறங்குகிறவர்கள் முகமெல்லாம் கரி. மாப்பிள்ளை பார்க்கப் போனவர்களைப் பெண்வீட்டார் உள்ளே விடவில்லை என்று பேச்சு.

கரிக்கு மரம் வேண்டும். சாலையோர மரங்களை ஏலம் விட்டார்கள். ஒரு நாள் ரம்பத்தோடு ஆட்கள் வந்து புளிய மரத்தைச் சாய்த்தார்கள். அதற்கு முன் ஒரு மரியாதைக்காகப் பொந்திலிருந்த தீப்பெட்டிகளை எடுத்துப் பேச்சியின் கையில் கொடுத்தார்கள். மரம் விழுந்ததும் அவள் அவற்றை அடிமரத்தின் மேல் வரிசையாக வைத்தாள். மறுநாளிலிருந்து வண்டிக்காரர்கள் அடிமரத்தின் மேல் வைத்துவிட்டுப் போனார்கள்.

வெயிலைப் பேச்சி தாங்கினாள். ஆடி வந்ததும் காற்று வந்தது. கம்பம் பள்ளத்தாக்கில் ஆடிக் காற்று என்பது குமுளிக் கணவாய் வழியாக இறங்கும் காற்று. நெல் மூட்டையைப் பிரித்தால் மூட்டையைக் காணோம் என்பார்கள். மரம் இருந்தவரை அது அடுப்புக்கு மறைப்பாக இருந்தது. இப்போது தீ நிற்கவில்லை. இட்லி பாதி வெந்து பாதி மாவாக இருந்தது. தின்ன வந்தவர்கள் குறைந்தார்கள்.

பேச்சி முதலாளியிடம் கேட்டாள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

“முதலாளி, உங்க பங்கு சும்மாதான கெடக்கு? ஒரு மூலையில வச்சுக்கிறேன்.”

“என்னத்த வச்சுக்கிருவ?”

“அடுப்புதான்.”

“ஏத்தா, காய்ச்சல் திரும்பிருச்சா உனக்கு? பெட்ரோல் பங்குல அடுப்பா?”

“அதான் பெட்ரோலே இல்லைல?”

“பெட்ரோல் இருக்கிற தொட்டிய விட இல்லாத தொட்டிதான் மோசம். வாசம் உள்ள அடைஞ்சு கெடக்கும். பொறி பட்டா நீயும் இல்ல, உன் சட்டியும் இல்ல.”

நான் சும்மா இருந்திருக்கலாம். “தொட்டியில தண்ணிய நெப்பிட்டா ஒண்ணும் செய்யாதுன்னு பஸ்காரக சொல்றாக முதலாளி” என்றேன்.

“நெப்பிட்டு? பெட்ரோல் வந்தா எங்கன ஊத்த? உன் வாயிலயா? தண்ணி பட்ட தொட்டி துருப்பிடிச்சுப் போகும்லே.”

கடைசியில் ஓர் ஏற்பாடு சொன்னார். ஆட்கள் கூரைக்குள் உட்கார்ந்து தின்னலாம். அடுப்பு அடிமரத்தருகிலேயே இருக்க வேண்டும். பேச்சி காற்றில் அவித்து, மழையில் தூக்கி வந்து பரிமாறினாள். அது நடக்கிற காரியமாக இல்லை.

இதற்கிடையில் கங்காணி வரத் தொடங்கினார். ஏலத் தோட்டத்துக்கு ஆள் சேர்ப்பவர். மடித்த குடையும் வெற்றிலைப் பையுமாகக் கூரைக்குள் வந்து உட்காருவார்.

“என்ன பேச்சி, எப்ப மேல வர்ற? தெரிஞ்ச எடம். தெரிஞ்ச வேல.”

“பாப்பம்ணே.”

அவர் போன பிறகு என்னிடம் சொன்னாள். அழவில்லை, கணக்குப் போடுகிற குரலில் சொன்னாள். “வர்ற திங்கக்கெழம வரைக்கும் பாப்பேன். அடுப்பு நிக்கலேன்னா அவரு பின்னாடி போயிருவேன். போனா இறங்க மாட்டேன். எங்க வீட்டு ஆளு மாதிரி அங்கனயே கெடந்துருவேன். இன்னொரு காய்ச்சல இந்த ஒடம்பு தாங்காது.”

கரி பஸ் வந்து நின்றது அந்தத் திங்கட்கிழமைதான். காலையிலிருந்து அடுப்பு மூன்று முறை பற்றி மூன்று முறையும் அணைந்தது. விடியுமுன் எடுத்து வைத்த மாவு புளித்துப் பொங்கிக்கொண்டிருந்தது. கங்காணி தூணோரம் குடையை மடித்து வைத்துக் காத்திருந்தார். பேச்சி இனி செய்ய ஒன்றும் இல்லாமல் மாவுச் சட்டியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். முதலாளி குச்சியை முகர்ந்து முடித்து, தொட்டியின் வாயைப் பூட்டிவிட்டு முன்பக்கம் வந்தார்.

காதர் பாய்க்கு அந்தக் கூரை பழக்கம். பெட்ரோல் காலத்தில் தினமும் நுழைந்த இடம். மழை வலுத்ததும் கை தானாகத் திருப்பிவிட்டது என்று பின்னால் சொன்னார்.

தண்ணீர் எங்கே ஊற்றுவது

“எடுய்யா வண்டிய! காதர் பாய், வண்டிய எடு!” முதலாளியின் குரல் கீச்சென்று வந்தது.

“எதுக்கு மொதலாளி எல்லாரும் ஓடுறாக? பாம்பா?”

“கீழ தொட்டிய்யா! தொட்டி மேல நெருப்ப நிப்பாட்டி வச்சிருக்க!”

காதர் பாய் தரையைப் பார்த்தார். முகம் மாறியது. ஆனால் அவர் கைவசம் இருந்த வழிகள் குறைவு. “எஞ்சின நிப்பாட்டிட்டேன். இனி காத்தடிச்சு அனல் ஏத்தினாத்தான் கெளம்பும். அனல் ஏத்தினா பொறி பறக்கும்.”

“தள்ளு!”

“ஆள் எங்க தள்ள? பாதிப் பேரு கம்பத்துக்கே போயிருப்பாக.”

“அப்ப அந்த உருளையில தண்ணிய ஊத்தி அணைய்யா!”

“பழுத்துக் கெடக்குற இரும்புல தண்ணி ஊத்தினா வெடிச்சு எம் மூஞ்சியில அடிக்கும். நான் மாட்டேன். தண்ணிதான் ஊத்தணும்னா மேல ஏன் ஊத்துறீக? கீழ ஊத்துங்க.”

கீழே என்றால் தொட்டியில். முதலாளி இடுப்புச் சாவியைப் பிடித்துக்கொண்டார். கம்பம் பக்கம் சாலையைப் பார்த்தார். பெட்ரோல் லாரி வந்தால் அந்தப் பக்கம்தான் வர வேண்டும். சாலையில் மழை மட்டும் இருந்தது.

பேச்சி எழுந்தாள். மாவுச் சட்டியைக் கங்காணி விட்டுப் போன குடையருகே பத்திரமாக வைத்தாள். பாத்திரம் கழுவ வைத்திருந்த குடத்தை இடுப்பில் எடுத்தாள்.

“முதலாளி, தொட்டி வாயத் தெறங்க. கட்டடமாச்சும் மிஞ்சட்டும்.”

அதற்குள் நான் செருப்புக்காகத் திரும்பி வந்திருந்தேன். முதலாளி சாவியை அவிழ்த்து என்னிடம் நீட்டினார். “தெறலே காசி” என்றார்.

தொட்டியின் வாய் அறைக்குப் பின்புறம் இருந்தது. நான் திறந்தேன். பேச்சி முதல் குடத்தை ஊற்றினாள். வயலில் நட்டுக்கொண்டிருந்த பெண்கள் முதலில் எட்ட நின்று பார்த்தார்கள். பிறகு வாய்க்காலில் குடத்தை மொண்டு நீட்டினார்கள். பயணிகள் ஒவ்வொருவராக வந்து வரிசையில் நின்றார்கள். கங்காணியும் கடைசியில் வந்து, குடை எங்கே என்று கேட்டுவிட்டு, குடம் வாங்கிக் கொடுத்தார்.

பல வருஷம் கழித்து ஒரு மெக்கானிக்கிடம் இதைச் சொன்னேன். தண்ணீர் உள்ளே போகப் போக அந்த வாசம் வெளியேதான் வந்திருக்கும், காற்று மறுபக்கம் அடித்ததால் பிழைத்தீர்கள் என்றார். எங்களுக்கு அது தெரியாது. அந்தக் காற்றைத்தான் ஆடி முழுக்கத் திட்டிக்கொண்டிருந்தோம்.

உச்சிப்பொழுதில் தொட்டி நிறைந்தது. வாயருகே தண்ணீர் தளும்பியபோது அதன் மேல் மயில் கழுத்து நிறத்தில் ஒரு மெல்லிய படலம் மிதந்தது. மிச்சமிருந்த பெட்ரோல் அவ்வளவுதான். முதலாளி அதில் விரலைத் தொட்டு முகர்ந்தார். வேட்டியில் துடைத்துக்கொண்டார். வாயைத் தானே மூடித் திருகினார்.

“இனி அனல் ஏத்துங்க.”

கிளீனர் விசிறியைச் சுற்றினான். கூரைக்குள் பொறி பறந்தது. முதலாளி கண்ணை மூடிக்கொண்டு உதட்டுக்குள் ஜெபம் சொன்னார். ஒன்றும் நடக்கவில்லை.

“முதலாளி, அடுப்பு?” என்றாள் பேச்சி.

“வச்சுக்கத்தா” என்றார்.

அறையின் மூலையில் மூன்று கல்லைக் கூட்டினாள். தென்னை மட்டை திணித்தாள். கையை நீட்டினாள். “தீப்பெட்டி குடுங்க.”

அத்தனை பேரில் ஒருவரிடமும் இல்லை. எல்லாருடைய தீப்பெட்டியும் அடிமரத்தின் மேல் மழையில் ஊறிக்கொண்டிருந்தது.

யாரோ சிரித்தார்கள். காதர் பாய் பஸ்ஸின் பின்னால் போய், உருளையின் கீழ்க் கதவைத் திறந்து, இடுக்கியால் ஒரு கங்கை எடுத்து ஓட்டாஞ்சில்லில் வைத்துக் கொண்டுவந்தார்.

பேச்சி அதைக் குனிந்து பார்த்தாள். “இது எம் மரமா பாய்?”

“எந்த மரமா இருந்தா என்ன? அணையுறதுக்குள்ள வாங்கித்தா.”

வாங்கி, மட்டைக்குள் வைத்து ஊதினாள். பற்றியது. நின்றது.

அதற்குப் பிறகு

சண்டை முடிந்து பெட்ரோல் வந்தபோது, கம்பத்தில் வேறொருவர் புது பங்க் போட்டார். ஞானமுத்து முதலாளி திரும்ப அந்தப் பக்கம் போகவில்லை, ஏலக்காயோடு நின்றுகொண்டார். கட்டடம் பேச்சியிடமே இருந்தது. அதை எல்லாரும் பங்குக் கடை என்றார்கள். கடைக்கும் இட்லிக்கும் அதே பெயர். பேச்சிக்குப் பிறகு உர மூட்டை அடுக்கினார்கள். போன வருஷம் பஸ்ஸில் போகும்போது பார்த்தேன். வாடகை சைக்கிள் நிற்கிறது. தூண் இரண்டும் இருக்கின்றன.

அன்றைக்கு நடந்ததில் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது.

முதல் ஈடு இட்லியைப் பயணிகள் நின்றபடியே தின்றார்கள். முதலாளி ஒன்றைப் பிட்டு வாயில் போட்டு, “பெட்ரோல் வாசம் அடிக்குது” என்றார். மற்றவர்கள் முகர்ந்து பார்த்துவிட்டு, அப்படி ஒன்றும் இல்லை என்றார்கள். தின்று முடித்த ஆண்கள் கையைக் கழுவிக்கொண்டு, மழையில் இறங்கி அடிமரத்துக்குப் போனார்கள்.

“ஏங்க, உள்ள அடுப்பு எரியுதுல்ல? பீடிய இதுல பத்த வச்சா என்ன? அங்கன போயி நனையுறீக!” என்று பேச்சி கத்தினாள்.

யாரும் திரும்பவில்லை. நனைந்த தீப்பெட்டிகளைத் துடைத்து உரசிக்கொண்டிருந்தார்கள்.

கங்காணி குடையை எடுத்து விரித்தார். பேச்சியைப் பார்த்தார். அவள் இரண்டாவது ஈடு ஊற்றிக்கொண்டிருந்தாள். தலையை ஆட்டினாள். வரவில்லை என்று அர்த்தம். அவருக்கு ஓர் ஆள் குறைந்தது.

தண்ணீர் நிறைந்த தொட்டிக்குக் காவல் தேவையில்லை. “நான் வரவாண்ணே?” என்றேன் கங்காணியிடம். அவர் என் கையையும் காலையும் பார்த்துவிட்டு, “ஏறு” என்றார்.

பேச்சிக்கு விஷயம் புரிந்து வாசலுக்கு வருவதற்குள் பஸ் உறுமத் தொடங்கிவிட்டது. “காசியண்ணே, மேல தண்ணியக் காய்ச்சிக் குடிங்க” என்று சொல்லி, வாழை இலையில் கட்டிய பொட்டலத்தை ஜன்னல் வழியாகப் போட்டாள்.

குமுளி ஏற்றத்தில் இறங்கித் தள்ளினோம். பாதி மலையில் பஸ் இளைப்பாற நின்றபோது, ஒரு பாறைமேல் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தேன். இட்லி இன்னும் சூடாக இருந்தது. பிட்டு வாயருகே கொண்டுபோனேன். முதலாளி சொன்னது சரி. பெட்ரோல் வாசம் அடித்தது.

இலையை மடியில் வைத்துவிட்டுக் குனிந்து இட்லியை மட்டும் முகர்ந்தேன். வாசம் இல்லை. என் கையில்தான் இருந்தது.